எந்த ஊர்ச் சூரியன்

செஞ்சி,
8-10-1963

மாலினியின் நைனாவுக்கு ருக்மணி எழுதிக்கொண்டது.

அருகன் அருளால் இவ்விடம் நான், மாலினி, மகாவீரன், மாடு, கன்று, உங்கள் அண்ணன் எல்லாரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும். மாட்டுக்கும் கன்றுக்கும் அப்புறம் உங்கள் அண்ணனைச் சேர்த்ததில் உள்ளர்த்தம் ஏதும் இல்லை, கை போன போக்கு. ‘பிராண நாதருக்கு’ என்று ஆரம்பிக்கலாம்தான். நாற்பது வயதில், முன்பல் ஒன்று ஆடுகிற சமயத்தில் அப்படி எழுதினால், பிராணன் சிரித்துக்கொண்டே போய்விடும்.

தூலோனிலிருந்து நீங்கள் எழுதிய முதல் கடிதம் வந்தது. போஸ்ட்மேன் தனகோட்டி அதை நேராக நம் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பிரெஞ்சுத் தபால்தலையைத் தெருவில் எல்லாருக்கும் தரிசனம் செய்து வைத்துவிட்டுக் கடைசியில் கொண்டுவந்தான். உங்கள் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். கடல், வெயில், ஈச்சமரத்துக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி ஒரு மரம் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. “கோடையில் இங்கே ராத்திரி எட்டேகாலுக்குத்தான் பொழுது சாயுமாம்” என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இன்னாடா இது. அப்ப இவன் எட்டு மணிக்குச் சோறு துன்னுவானா?”

விளக்கு வைத்த பிறகு பருக்கை வாயில் படாத ஜைனக் குடும்பம். விஷயம் சும்மா போகுமா? நம்மவர்களில் பெரியவர்கள் நாலு பேர் கூடினார்கள். நாம் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறோமே, அது எந்த ஊர்ப் பொழுது என்று பேச்சு. உங்கள் அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: “நம்ம வமிசம் எந்த ஊர்ல இருக்குதோ அந்த ஊரு சூரியன்தான் நமக்கு. செஞ்சியில பொழுது சாஞ்சா அவன் அங்க வாயைக் கட்டணும்.” நம் மாலினி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, “பெரிய நைனா, இங்க ஆறு மணின்னா அங்க மத்தியானம் ஒண்ணரைதான்” என்றாள். பதினாலு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு பூகோளம் எதற்கு என்று அவருக்குக் கோபம்.

எங்கள் மூன்று பேருக்கும் கப்பல் சீட்டு உங்கள் ஆபீஸ் கொடுக்கும், வருகிற ஜூன் மாதத்துக்குள் ஏறினால்தான் உண்டு, அப்புறம் கிடையாது என்று எழுதியிருந்தீர்களே, அதையும் கேட்டார். அவர் வாய்மொழியை அப்படியே தருகிறேன்: “நான் பொழுதோட சாப்புடறேன், விரதம் தவறலன்னு அவன் கையால ஒரு வரி வரட்டும். நானே கூடப் போயி பஸ் ஏத்தி உடறேன். வரலன்னா இந்த வாசல்லேர்ந்து ஒருத்தரும் போவ முடியாது.”

ஒரே ஒரு வரி. புதுச்சேரியில் இருந்த காலத்தில் பக்கம் பக்கமாக ஆபீஸ் காகிதம் எழுதியவர் நீங்கள். அடுத்த தபாலில் எழுதிவிடுங்கள். எந்த ஊர்ச் சூரியன் என்று அதில் குறிக்க வேண்டாம்.

ருக்மணி

*

தூலோன்,
27-10-1963

அன்புள்ள ருக்மணிக்கு,

சுகம். உன் சுகமும் குழந்தைகள் சுகமும் அறிந்தேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் நமஸ்காரம்.

நீ இங்கே வந்து பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. கடல் நம் புதுச்சேரிக் கடல் மாதிரி கத்துவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தா மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வெயிலுக்காகவே வடக்கிலிருந்து ரயில் ரயிலாக ஜனம் வருகிறதாம். காசு கொடுத்து வெயிலில் காய்கிறார்கள். நம் ஊரில் களத்தில் போட்ட மல்லாட்டைதான் காயும் என்று ஆபீசில் சொன்னேன், ஒருவருக்கும் புரியவில்லை.

பிறந்தது புதுச்சேரி என்பதற்காகப் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்களில் இன்னும் இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். இருவரும் கிறிஸ்தவர்கள், நல்லவர்கள். அரிசி கிடைக்கும் கடையைக் காட்டினார்கள். பருப்பு கிடைக்கிறது. சாப்பாட்டு விடுதியில் வெங்காயமும் பூண்டும் கிழங்கும் வேண்டாம் என்றேன். “எந்த டாக்டர் சொன்னார்?” என்று அனுதாபத்தோடு கேட்டாள் அந்த அம்மாள்.

ஆபீஸ் காலை எட்டு மணிக்கு. மத்தியானம் இரண்டு மணி நேரம் இடைவேளை. சாயங்காலம் ஆறு மணிக்கு விடுகிறார்கள். இப்போது பொழுது சற்று முன்னதாகவே சாய்கிறது.

அண்ணன் கேட்டதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஸ்ரீபால்

*

செஞ்சி,
18-11-1963

மாலினியின் நைனாவுக்கு,

இவ்விடம் நலம். மழை பிடித்துக்கொண்டது. கன்றுக்குட்டிக்குச் சளி. அதன் நலத்தை நீங்கள் விசாரிக்கவில்லை என்று உங்கள் மகன் மகாவீரனுக்கு வருத்தம்.

நான் பயணத்துக்குத் தயாராகிறேன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக் கமலாம்பாள் வந்தாள். “ஏண்டி ருக்கு, அங்க பொம்பளைங்க முட்டி தெரியத்தான் துணி கட்டுவாங்களாமே, நீ இன்னா பண்ணுவ?” என்றாள். என் முட்டியைப் பார்த்தால் அந்த ஊரே புடவைக்கு மாறிவிடும் என்றேன். இருபது வருஷமாக நெல் புடைத்து, படியேறி, அது முற்றின பூசணிக்காய் போல் இருக்கிறது.

மாலினி உங்கள் பழைய பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு மாட்டுக்குப் ‘போன்ழூர்’ சொல்கிறாள். மாடு திரும்பிப் பார்க்கிறது. உங்கள் அண்ணன் பார்ப்பதில்லை. “அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரன் பீரங்கியோட வந்து நம்ம கோட்டையப் புடிச்சான், இப்ப கப்பல் சீட்டு குடுத்து ஆளைப் புடிக்கிறான்” என்று மண்டியில் பேசினாராம். மகாவீரன் அதைக் கேட்டுவந்து சொன்னான். “இல்லடா, இந்தத் தடவை நாம போயி அவன் ஊரைப் புடிக்கப் போறோம்” என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

சிரிப்புப் போதும். உங்கள் கடிதத்தில் கடல் இருந்தது, வெயில் இருந்தது, வெங்காயம் இருந்தது. அந்த ஒரு வரியைக் காணோம். உங்கள் அண்ணன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகவரி எழுதிய பக்கத்தைக்கூட விடவில்லை. “அடுத்ததுல எழுதறேன்றான். இதுல எழுத இடமா இல்ல?” என்றார். நான் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

எழுதுங்கள்.

ருக்மணி

*

தூலோன்,
15-12-1963

அன்புள்ள ருக்மணிக்கு,

சுகம். எல்லார் சுகத்துக்கும் எழுது. கன்றுக்குட்டிக்குச் சளி தீர்ந்ததா?

குளிர் வந்துவிட்டது. வடக்கேயிருந்து ஒரு காற்று அடிக்கிறது, தொப்பியைப் பிடித்தால் குடை போகும், குடையைப் பிடித்தால் தொப்பி போகும். வெயில் உண்டு, ஆனால் சூடில்லை. எட்டு மணிக்கு விடிகிறது. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

நான் இருக்கும் அறை மிகச் சிறியது. நீங்கள் வந்தால் சிரமப்படுவீர்கள் என்று தோன்றுகிறது. அவசரப்பட வேண்டாம். ஜூன் வரை நாள் இருக்கிறது, யோசிக்கலாம். மகாவீரனுக்குப் படிப்பு நடுவில் கெட்டுவிடக்கூடாது பார்.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். கடற்கரையில் எடுத்தது.

ஸ்ரீபால்

*

செஞ்சி,
4-1-1964

மாலினியின் நைனாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கன்றுக்குச் சளி போய்விட்டது, உங்கள் அண்ணனுக்கு வந்துவிட்டது. மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “தம்பி வரி எழுதனானா?” என்றார்.

போட்டோவை எல்லாரும் பார்த்தோம். கோட்டு நன்றாக இருக்கிறது. உங்கள் அண்ணி சுந்தராம்பாள்தான் ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “இன்னாடி ருக்கு, கொழுந்தனார் கன்னம் பன்னு மாதிரி இருக்குது” என்றாள். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

அவசரம் வேண்டாம் என்கிறீர்கள். ஆகஸ்டு மாதம் திண்டிவனத்தில் ரயில் ஏறும்போது, “நாலே மாசம், வந்துடு” என்றவர் யார்? மகாவீரனின் படிப்பு என்கிறீர்கள். போன பரீட்சையில் அவன் கணக்கில் வாங்கின மார்க்கைச் சொன்னால் நீங்களே அவனை நாடுகடத்திவிடுவீர்கள். அறை சிறியது என்கிறீர்கள். நாங்கள் மூன்று பேரும் இந்த வீட்டில் நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் படுக்கிறோம். சிறிய அறை என்று எங்களுக்கா பயம் காட்டுவது?

நான் பெரிய விரதக்காரி இல்லை. பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு நாள் முழுவதும் பாவமன்னிப்புக் கேட்கிற ரகம். எனக்காகக் கேட்கவில்லை. இந்த வாசலைத் திறக்கிற சாவி அந்த வரி. ஏன் எழுதவில்லை? உடனே பதில் வேண்டும்.

ருக்மணி

*

செஞ்சி,
24-2-1964

மாலினியின் நைனாவுக்கு,

சுகமா என்று கேட்பதற்கே யோசனையாக இருக்கிறது, சுகம் என்றால் கடிதம் வந்திருக்கவேண்டுமே. தை முழுவதும் போய் மாசியும் வந்துவிட்டது. தனகோட்டி நம் வாசல் வரும்போது சைக்கிள் மணியை அடிப்பதில்லை, தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறான்.

ஊருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நீங்கள் ஒரு வெள்ளைக்காரியோடு இருக்கிறீர்களாம். அனந்தபுரம் சந்தையில் சொல்லிக்கொள்கிறார்கள். பேச்சு செஞ்சிக்கு வந்து சேருவதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. கமலாம்பாள் ஆறுதல் சொல்ல வந்தாள். “அவ நல்லவளா இருந்தா பரவால்லடி” என்றாள். நான் நன்றாகச் சிரித்தேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லவே ஒரு வாரம் யோசிக்கிற மனிதர், வெள்ளைக்காரியிடம் என்ன பேசியிருக்கப்போகிறார்.

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து உங்கள் கடைசிக் கடிதங்கள் இரண்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆபீஸ் எட்டு மணிக்கு. குளிர் காலத்தில் விடிவதும் எட்டு மணிக்கு. ஆகவே காலையில் விடிவதற்கு முன்னால் ஒன்றும் சாப்பிட முடியாது. ஆபீஸ் விடுவது ஆறு மணிக்கு. இருட்டுவது ஐந்து மணிக்கு. ஆகவே சாயங்காலமும் முடியாது. மிஞ்சுவது மத்தியானம் ஒரு வேளை. அந்தக் காற்றில், அந்தக் குளிரில், மறுநாள் மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல். சுந்தராம்பாள் பார்த்த கன்னம் அப்படிக் கிடந்தவருடைய கன்னம் இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கின பிறகு உங்கள்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மிச்சப் பாதி ஏன் என்றால், இதை என்னிடம்கூட மறைக்கவேண்டும் என்று நினைத்தீர்களே. ஒரு பொய்யை எழுதியிருந்தால் நவம்பரிலேயே நாங்கள் புறப்பட்டிருப்போம். அதை எழுதவும் உங்களுக்குக் கை வரவில்லை. அறை சிறியது, படிப்பு கெடும், காற்று அடிக்கிறது. ஐயோ பாவம்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த வரியை எழுதவேண்டாம். நான் இனிமேல் கேட்கமாட்டேன். அதற்குப் பதிலாக மன்னிப்பும் எழுதவேண்டாம், விவரமும் வேண்டாம். இரண்டையும் நான் படிக்கப்போவதில்லை. நாங்கள் வருகிறோம். சீட்டு வாங்குகிற வேலையை மட்டும் பாருங்கள். உங்கள் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ருக்மணி

*

செஞ்சி,
2-3-1964

சிரஞ்சீவி ஸ்ரீபாலுக்கு அண்ணன் அப்பாண்டைநாதன் ஆசீர்வாதம்.

இவ்விடம் க்ஷேமம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உன் மனைவி நேற்று கூடத்தில், ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போது, என்னை எதிர்த்துப் பேசினாள். நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

“மாமா, நம்ம ஊட்டுக்கு ராஜகிரி மலைக்குப் பின்னால சூரியன் போனா பொழுது சாஞ்சுது, சட்டி பானை கவுத்துடறோம். சிங்கவரம் கொல்லையில மலை மறைக்கறதில்ல, அங்க இன்னும் வெயில் அடிக்குது. அறுப்பு நாள்ல, இங்க நாங்க வாய் கழுவனப்புறம் நீங்க அங்க குந்திக்கினு கூழ் குடிப்பீங்களே. அது எந்த ஊரு சூரியன்?” என்றாள்.

சபையில் சிரித்தார்கள். நான் குடித்தது உண்மை. சூரியனைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டுதான் குடித்தேன். அப்படியே சொன்னேன். “அப்ப அவருக்கும் அவர் கண்ணெதிர்ல இருக்கற சூரியன்தானே மாமா” என்றாள். சரி என்றேன். நியாயத்துக்கு நான் கட்டுப்பட்டவன். அந்த ஊர்ச் சூரியனே இருக்கட்டும், அதற்காவது அவன் கட்டுப்பட்டு நடக்கிறானா, வரி எங்கே என்று கேட்டேன்.

அவள் தலை குனியவில்லை. “வராது மாமா. அவருக்குப் பொய் எழுத வராது. பசிச்சிருக்கும், சாப்ட்டிருப்பாரு” என்றாள்.

நாலு பேர் முன்னால். நம் அப்பா இருந்து நடத்திய கூடத்தில். நான், “இதைச் சொல்லிட்டு எப்படிம்மா போறேன்ற?” என்றேன். “இதனாலதான் போறேன்” என்றாள்.

அவள் சொன்னது பொய் என்றால் உடனே எழுது. மெய் என்றால் எழுதவேண்டாம். அவள் போனால் மறுபடி இந்த வாசலுக்குள் காலை வைக்கக்கூடாது. அதை அவளிடமே சொல்லிவிட்டேன். “சரிங்க மாமா” என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த ஊரில் பச்சை மிளகாய் கிடைக்கிறதா?

அப்பாண்டைநாதன்

*

தூலோன்,
19-3-1964

அன்புள்ள ருக்மணிக்கு,

சுகம்.

அண்ணன் கடிதம் வந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை. நீ சொன்னபடி உனக்கும் விவரம் எழுதவில்லை. அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் என்று ஆரம்பித்தேன், அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

வேறு வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. பம்பாயில் ஜூன் பத்தாம் தேதி கப்பல். மூன்று பேருக்கும் பெயர் பதிவாகிவிட்டது.

வா.

ஸ்ரீபால்

*

பம்பாய்,
9-6-1964

மாலினியின் நைனாவுக்கு,

மூன்று பேரும் சுகம். நாளைக் காலையில் கப்பல். இந்தக் கடிதம் விமானத்தில் எங்களை முந்திக்கொண்டு வரும். என்னைப் பற்றி முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை உங்களுக்கு இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செஞ்சியில் பஸ் ஏறிய கதையைக் கேளுங்கள். உங்கள் அண்ணன் கோழி கூவுவதற்குள் சிங்கவரம் கொல்லைக்குப் போய்விட்டார். மாலினியும் மகாவீரனும் கும்பிட்டு ஆசீர்வாதம் வாங்கவேண்டும் என்று காத்திருந்துவிட்டு, அவர் படுக்கிற பெஞ்சுக்குக் கும்பிடு போட்டார்கள். பெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை.

தெருவே பஸ் நிலையத்தில் இருந்தது. பாதிப் பேர் வழியனுப்ப, பாதிப் பேர் நான் அழுகிறேனா என்று பார்க்க. அழுகை வந்ததுதான். அதைப் பார்க்கிற சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுப்பானேன் என்று, பஸ் கண்டக்டரிடம் “தூலோனுக்கு மூணு டிக்கெட்” என்றேன். அவன், “திண்டிவனம் வரைக்கும் குடுக்கறேன், மிச்சத்துக்கு அங்க கேளு அக்கா” என்றான்.

சுந்தராம்பாள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கணவர் பேச்சை மீறி வந்திருக்கிறாள். புத்தி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என் காதருகே வந்து, “போடி, போ. மழை நாள்ல, இருட்டனப்புறம், சுடச்சுட ரசம் ஊத்தி ஒரு நாள் சாப்டு. எனக்கும் சேத்து. கல்யாணம் ஆன நாளா ஆசைடி எனக்கு” என்றாள். இருபது வருஷமாக என்னோடு ஒரே அடுப்பில் சமைத்தவள். எனக்கு இது தெரியாது.

ரயிலில் ஒரு பெரியவர், “ஆம்பளைத் துணை இல்லாமலா இவ்வளவு தூரம்?” என்றார். மகாவீரனைக் காட்டினேன். அவன் அப்போது ஜன்னல் கம்பியில் தலையை மாட்டிக்கொண்டு எடுக்கத் தெரியாமல் இருந்தான். பெரியவர்தான் எடுத்துவிட்டார்.

நான் கடலை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், புதுச்சேரியில், மாலினி வயிற்றில் இருக்கும்போது. அன்றைக்கே அது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்காகப் பயப்படாதீர்கள். கடலுக்கு என்னைப் பிடிக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

துறைமுகத்துக்கு வந்து நில்லுங்கள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கவேண்டாம்.

ருக்மணி

*

செஞ்சி,
22-11-1964

சிரஞ்சீவி ஸ்ரீபாலுக்கு அண்ணன் அப்பாண்டைநாதன் ஆசீர்வாதம்.

இவ்விடம் க்ஷேமம். சுந்தராம்பாளுக்கு முழங்கால் வலி. மழை இந்த வருஷம் குறைவு. மணிலாக்கொட்டை விலை சுமார்.

எட்டு மாதமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. சித்தாமூர் மடத்துக்குப் போயிருந்தபோது எல்லாரும் என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள். குளிர் காலம் மறுபடி வந்திருக்கும். நம் பிள்ளைகள் பொழுதோடு சாப்பிடுகிறார்களா, இல்லையா? நம் குடும்பத்தைப் பற்றி நான் சபையில் சொல்லவேண்டும். ஒரு வரி எழுதவும்.

அப்பாண்டைநாதன்

*

தூலோன்,
17-12-1964

மூத்தார் அவர்களுக்கு ருக்மணி நமஸ்காரம்.

இவ்விடம் நால்வரும் சுகம். அக்காவின் முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். நல்லெண்ணெய் தேய்த்தபின் கொடுக்கவேண்டும், வெறுமனே கொடுத்துவிட்டுப் பலிக்கவில்லை என்று என்னைத் திட்டவேண்டாம்.

உங்கள் தம்பிக்கு வந்த கடிதத்துக்கு நான் பதில் எழுதுவது மரியாதை இல்லைதான். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மை காய்ந்ததுதான் மிச்சம். ஆகவே நான் எடுத்துக்கொண்டேன்.

நான் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறேன். நாலரை மணிக்குத் தட்டைக் கழுவி வைத்துவிடுவேன். கீழ்வீட்டு அம்மாள் எனக்கு வயிற்றில் ஏதோ வியாதி என்று நினைத்து, வாரம் ஒரு தடவை பூ கொண்டுவந்து தருகிறாள். வாங்கி ஜன்னலில் வைக்கிறேன். இது என் விரதம், என்னால் முடிகிறது, வீட்டில் இருப்பவள்தானே. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். நவம்பர் மாதம் முதல் வாரம் உங்களை நினைத்துக்கொண்டு எல்லாரையும் வாயைக் கட்டவைத்தேன். மாலினி பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இருட்டிவிடுகிறது. காற்றில் உதடு வெடித்து, காது சிவந்து வருகிறாள். “பசிக்குதும்மா” என்றாள். காலையில் பார்க்கலாம் என்றேன். காலையிலும் இருட்டாகத்தான் இருந்தது. மகாவீரன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உங்கள் தம்பி வந்தார், கோட்டைக் கழற்றினார், தண்ணீர்கூடக் கேட்காமல் உட்கார்ந்தார். போன வருஷம் வந்த புதிதில் அவர் தனியாக இப்படித்தான் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவர் அதை இன்றுவரைக்கும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன். ரசம் வைத்தேன். மூன்று தட்டு போட்டேன். அவர் என்னைப் பார்த்தார். “சாப்புடுங்க” என்றேன்.

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. பூச்சி விழாமல் மூடி வைத்து, நல்ல வெளிச்சத்தில், பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். நம் பெரியவர்கள் இருட்டில் சாப்பிடவேண்டாம் என்றது சின்ன உயிருக்கும் தீங்கு வரக்கூடாது என்றுதானே. என் எதிரில் பசியோடு உட்கார்ந்திருந்ததும் மூன்று உயிர்தான். இது சாஸ்திரம் இல்லை, என் வாய்க்கொழுப்பு என்றே சபையில் சொல்லுங்கள். குற்றம் உங்கள் தம்பியுடையது இல்லை, பிள்ளைகளுடையதும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்த கை என்னுடையது. என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அதற்குமேல் அந்தக் கேள்விக்கு இந்த வீட்டிலிருந்து இனி வரி வராது.

உங்கள் வாசலுக்குள் நான் வரக்கூடாது என்றீர்கள். வரவில்லை. நீங்கள் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும், உங்கள் வார்த்தையை மாற்றச் சொல்லி நான் கெஞ்சமாட்டேன். எங்கள் வாசலுக்கு நீங்களும் அக்காவும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். விடிந்து வந்தாலும் சரி, இருட்டி வந்தாலும் சரி, சோறு சூடாக இருக்கும்.

ருக்மணி